ஓட்டை டிஷ்ஷோடு கோட்டாறு வரை: டிக் வெல்டிங் மெஷின் வாங்கப் போன கதை

அன்றைக்கு இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் வந்து, நான் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது. நான், தங்கம்மை. என் மூத்த மகள் ஜெயராணி. குலசேகரம் பஸ்ஸின் கண்டக்டர், நெற்றியில் வெட்டுத் தழும்பு உள்ளவர். கோட்டாற்றில் முதல் கடைக்காரர் சுரேஷ். இரண்டாம் கடைக்காரர் மைதீன் பாய். இவர்களோடு, வராமலே அங்கே இருந்த ஆள் ஒருவரும் உண்டு. என் வீட்டுக்காரரின் தம்பி. அவர் பெயரை எழுத ஓர் இடம் வைத்திருக்கிறேன். அது இது இல்லை.

எங்கள் வீடு திற்பரப்பில், அருவிக்குப் போகிற ரோட்டோரம். ஜெயராணி ஐடிஐயில் வெல்டிங் படித்தவள். படிப்பு முடிந்ததும் குலசேகரத்தில் அவள் சித்தப்பாவின் பட்டறையில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். பத்து வருஷம். அருவிக்கரையில் பஜ்ஜிக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற எவர்சில்வர் மேசைகளில் பாதி அவள் கைவேலை. ஆனால் அலுமினிய வேலை வந்தால் சித்தப்பா அவளைத் தள்ளி நிற்கச் சொல்வார். அலுமினியம் ஒட்டுகிற மெஷினைப் பழைய போர்வை போட்டு மூடி வைத்திருப்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பொம்பளக் கைக்கு அலுமினியம் வராது" என்பார். ஒருநாள் என் முன்னாலேயே சொன்னார். அன்றைக்கு அவர் உடுத்திருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. பச்சை.

போன வைகாசியில் ஜெயராணி வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுத் தனியாகப் பட்டறை தொடங்கினாள். ரப்பர் ஊரில் அலுமினியம் இல்லாமல் பட்டறை ஓடாது. ரப்பர்ப் பால் உறைய ஊற்றுகிற தட்டு, டிஷ் என்போம், எல்லாம் அலுமினியம். ஆசிட் பட்டுப் பட்டு மூலையில் ஊசி ஓட்டை விழும். மழைக்குப் பிறகு மரத்தில் பால்வெட்டு தொடங்கும்போது, எல்லா வீட்டிலும் டிஷ்ஷை வெளியே எடுத்து, ஓட்டையைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். அதற்குள் சரியான மெஷின் வந்தால் அந்த வேலை எங்களுக்கு. வராவிட்டால் சித்தப்பாவின் போர்வைக்கு. இரண்டாவது மெஷின் வாங்க எங்களுக்கு வழியில்லை. எடுக்கிற ஒன்று சரியாக இருக்கவேண்டும்.

காலை ஆறே முக்காலுக்குத் திற்பரப்பில் ஏறி, குலசேகரத்தில் மாறினோம். அங்கிருந்து தக்கலை வழியாக நாகர்கோவில் வடசேரி. மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், இரண்டு மணி நேரம் ஆகும். சாதா பஸ்ஸில் ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எக்ஸ்பிரஸில் தெரியாமல் ஏறிவிடாதீர்கள். என் மடியில் எங்கள் வீட்டு ஓட்டை டிஷ் இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே தேய்த்துக் கழுவிப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தேன். மெஷின் வாங்கப் போகிறவர்கள் ஒட்ட வேண்டிய சாமானைக் கையோடு கொண்டு போகவேண்டும் என்பது ஜெயராணியின் யோசனை.

கண்டக்டர் நேராக டிஷ்ஷிடம் வந்தார்.

"அம்மச்சி, இது என்னவாக்கும்?"

"பாத்தா தெரியலியா மக்கா? ரப்பர் டிஷ்."

"லக்கேஜ் போடணும்."

"எனக்கு டிக்கெட் இல்ல, என் மடியில இரிக்கிய டிஷ்ஷுக்கு டிக்கெட்டா? இதும் பொம்பள டிஷ்தான், பாத்துக்க."

பின்சீட்டில் சிரித்துவிட்டார்கள். கண்டக்டரும் தழும்பைத் தடவிக்கொண்டே முன்னால் போய்விட்டார். நல்ல மனுஷன், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

வடசேரியில் ஆட்டோ பிடித்தால் கோட்டாறுக்கு நூறு ரூபாய் கேட்பார்கள். கம்போளச் சந்தைக்குள் ஆட்டோ நுழைய முடியாது, முன்னாலேயே இறங்கி நடந்துவிடுங்கள். சுரேஷின் கடையைச் சொல்லித் தந்ததே சித்தப்பாதான். தனியாகப் போனாலும் சொல்லாமல் செய்யக்கூடாது என்று ஜெயராணி அவரிடம் கேட்டிருந்தாள். அவரும் சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சுரேஷ் எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல் ஒரு சின்ன மெஷினை மேசைமேல் தூக்கி வைத்தார். "இருபத்திரண்டாயிரம். இரும்பு, எவர்சில்வர், எல்லாம் ஓடும்."

ஜெயராணி முன்பக்கத்தைப் பார்த்தாள். "இது டிசி மட்டும் உள்ளதுல்லா? அலுமினியம் ஓடாதே."

"அலுமினியம் உங்களுக்கு எதுக்கு? அண்ணாச்சி காலையிலேயே ஃபோன் பண்ணிட்டாரு. பொம்பளையளுக்குக் கேட்டும் கிரில்லும் அடிக்கச் சின்னது போதும், பெருச காட்டாண்டாம்னு."

"எந்த அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். சுரேஷ் மேசைமேல் இருந்த மெஷினைத் துடைக்கத் தொடங்கினார். ஜெயராணியின் முகம் வெளுத்துவிட்டது. டிஷ்ஷை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எழும்பி வா ஏட்டி" என்றேன். உட்காரவே இல்லை என்பது வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்று தெரு தள்ளி மைதீன் பாயின் கடை. உட்கார ஸ்டூல் போட்டார், சுக்குக்காப்பி வரவழைத்தார். ஜெயராணி கேட்டவற்றை உங்களுக்காகச் சொல்கிறேன். அலுமினியத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. டிசி கரண்ட் அதை உடைக்காது. ஏசி, டிசி இரண்டும் உள்ள மெஷின்தான் வேண்டும். இருநூறு ஆம்பியர் போதும். ஒற்றை ஃபேஸில் ஓடவேண்டும். எங்கள் பக்கம் சாயங்காலமானால் வோல்டேஜ் படுத்துவிடும், அப்போதும் ஓடுமா என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் நிறுத்தாமல் ஓட்டலாம் என்று கேட்டாள். பாய் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. "பதில் எதுக்கு மோளே, பின்னால ஷெட்டு இருக்கு, ஓட்டிப் பாரு" என்றார்.

ஜெயராணி முகமூடி போட்டு டிஷ்ஷின் மூலையில் தீயை வைத்தாள். வைத்த உடனே கருப்பாகப் பொங்கியது. புகை. உலோகம் ஒட்டாமல் மணிமணியாக உருண்டு ஓடியது. ஆம்பியரைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். மறுபடியும் கரி.

வெல்டிங் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, எனக்கு வரல்ல. சித்தப்பா சொன்னது செரிதான் போல. அந்தச் சின்னதையே எடுப்போம்."

பத்து வருஷம் ஒருவர் ஒரே வார்த்தையைச் சொன்னால் அது எங்கே போய் உட்காரும் என்று அப்போதுதான் பார்த்தேன்.

பாய் மூக்கை உறிஞ்சினார். "ஒரு சங்கதி கேக்கட்டா? இங்க யாராவது முறுக்கு சுடுதாளா?"

ஜெயராணியும் உறிஞ்சினாள். பிறகு டிஷ்ஷைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா. டிஷ்ல என்ன தடவின?"

"தேங்காயெண்ண. பின்ன? நாலுபேர் பாக்கிய எடத்துக்கு வரண்ட டிஷ்ஷையா கொண்டு வருவாவ?"

வெட்டு நின்ற மாதங்களில் டிஷ்ஷை எண்ணெய் தடவித்தான் எங்கள் வீட்டில் பரணில் வைப்போம். அதில் என்ன தப்பு? ஆனால் பாய் சிரித்த சிரிப்பில் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "எல்லாரும் மெஷினத்தான் குத்தம் சொல்லுவா. முறுக்கு சுட்டது நீங்க ஒருத்தியாக்கும்!" ஜெயராணியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குக் கை திரும்பி வந்தது.

தின்னர் ஊற்றித் துடைத்தாள். புது எவர்சில்வர் பிரஷ்ஷால் வெள்ளைவெளேரென்று தேய்த்தாள். ஷெட்டில் கிடந்த துண்டுத் தகட்டில் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு டிஷ்ஷுக்கு வந்தாள். இந்தத் தடவை சத்தமே வேறு, தேனீக்கூட்டம் மாதிரி ஒரே சீராக. அவள் முகமூடியைத் தூக்கியபோது மூலையில் ஒரு வரி இருந்தது. தோவாளைப் பூச்சந்தையில் நெருக்கிக் கட்டின பிச்சிப்பூச் சரம் எப்படி இருக்கும், அப்படி. பாய் டிஷ் நிறையத் தண்ணீர் ஊற்றினார். மூன்று பேரும் குனிந்து அடியைப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

பாய் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "எத்தன வருஷமா மோளே அலுமினியம் அடிக்க?"

"அடிக்கல்ல பாய். பத்து வருஷம் தள்ளி நின்னு பாத்தேன்."

என் மகள் அதைத் தலை நிமிர்ந்து சொன்னாள். நான் இதுவரை எத்தனையோ கல்யாண வீட்டில் நகை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஷெட்டில், புகை நாற்றத்தில் நின்றபோது இருந்த மிதப்பு எனக்கு எங்கேயும் இருந்ததில்லை.

அந்த மெஷினையே எடுத்தோம். எழுபத்தெட்டாயிரம், ஒரு வருஷ வாரண்டி. ஆர்கான் கேஸ் சிலிண்டரும் சேர்த்து ஒரு மினி டெம்போவில் ஏற்றினோம், திற்பரப்பு வரை ஆயிரத்து எண்ணூறு. சிலிண்டரை நிறுத்திச் சங்கிலி போட்டுக் கட்டச் சொல்லுங்கள், டிரைவர் படுக்கப்போடலாம் என்பார், விடாதீர்கள். நான் முன்சீட்டில் டிஷ்ஷை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தக்கலையில் டீக்கு நிறுத்தினபோது டிரைவர், "இது எதுக்கு அம்மா மடியில?" என்றார். அவரிடமும் கதை முழுக்கச் சொன்னேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் கடைக்காரருக்கு உங்களை ஓட்டிப் பார்க்க விட நேரம் இருக்காது. உங்கள் ஊர் வேலை எந்த உலோகத்தில் என்று தெரிந்துகொண்டு, அந்த உலோகத்தைக் கொண்டு போங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் காப்பி தந்தாலும் குடிக்காதீர்கள். எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்று சொந்தக்காரரிடம் சொல்லாதீர்கள். எண்ணெய் தடவாதீர்கள்.

மழை விட்டு வெட்டு தொடங்கிய மாதம் எங்கள் கொட்டகை வாசலில் டிஷ் அடுக்கி நின்றது. ஒருநாள் என் வீட்டுக்காரரின் தம்பியும் வந்தார், ஸ்கூட்டரின் பின்னால் ஆறு டிஷ் கட்டிக்கொண்டு. அவருடைய மெஷின் போர்வைக்கு உள்ளேயே கெட்டுப்போயிருந்தது. ஜெயராணி, "வாங்க சித்தப்பா, இரிங்க" என்றாள். அவர் உட்காரவில்லை. அவள் ஒட்டி முடிக்கிறவரை தள்ளி நின்று பார்த்தார். கடைசியில் விரலால் தடவிப் பார்த்து, "வேல கொள்ளாம்" என்றார். எங்கள் பக்கம் கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் போனதும் ஜெயராணி, "கேட்டியாம்மா? கொள்ளாம்னாரு. இனியாவது விடு" என்றாள். அவள் விட்டுவிட்டாள், அவள் மனசு பெரிய மனசு. சுரேஷைக்கூட நான் விட்டுவிட்டேன், யாரோ சொன்னதைக் கேட்டு வியாபாரம் பண்ணினவர். ஆனால் கோட்டாற்று ஷெட்டில் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வரல்ல" என்று சொன்னபோது என் மகளின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை அவள் வாயில் வைத்த ஆளை நான் விடமாட்டேன்.

பெயர் தங்கராஜ்.