அறைக்கு அறுபது புள்ளி

என் கடைசி மகள் பிறந்தபோது எனக்கு வயது நாற்பத்தொன்பது. பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்தவர்கள் அவளுடைய தாத்தா என்றே நினைத்தார்கள். அவள் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அப்பா, நான் வீட்டுக்கே வந்திடறேன். எனக்குப் படிப்பு வேணாம்.”

படிப்பில் குறையில்லை. அதுவரை நடந்த நான்கு சோதனைகளில் மூன்றில் நல்ல மதிப்பெண். இந்திய மாணவர் சங்கத்தின் முதல் கூட்டத்தில் புதியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. இவள் தமிழில் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்திலேயே மலாய்க்குத் தாவி, பாதியில் நின்றுவிட்டாள். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அன்றிலிருந்து வகுப்புக்குப் போவாள், அறைக்குத் திரும்புவாள். வேறெங்கும் போவதில்லை.

அவளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாதவன் நான்தான். மலாயில் கற்பிக்கும் தேசியப் பள்ளி வீட்டிலிருந்து நானூறு அடி. தமிழ்ப்பள்ளிக்குப் போக மூன்று சாலைகளைக் கடக்க வேண்டும், மூன்றிலும் லோரி ஓடும். எண்ணிப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். சிரிப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அறைக்குள் அடைந்து கிடப்பதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அங்கே விடுதி அறை ஓர் ஆண்டுக்குத்தான். அடுத்த ஆண்டும் அறை வேண்டுமென்றால் நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு மெரிட் புள்ளி சேர்க்க வேண்டும். அவளுடைய விடுதியில் அறுபது புள்ளி. அவளிடம் இருந்தது பதினொன்று. அறை போய்விட்டால் கிள்ளானிலிருந்து தினமும் போய்வர வேண்டும். ஒரு நாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நானே போய்ப் பார்த்தேன். பஸ், பிறகு கோமுட்டர் ரயிலில் பதினான்காவது நிலையம், பிறகு இன்னொரு ரயில், கடைசியில் நடை. ஒரு வழிக்கு இரண்டு மணி பத்து நிமிடம். ஏற்கெனவே விட்டுவிடலாம் என்று நினைப்பவள் அந்தப் பயணத்தை ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் ஒரு பட்டியல் போட்டேன். பார்வையாளராகப் போனால் இரண்டு புள்ளி, செயற்குழுவில் இருந்தால் பத்து, ஒரு பிரிவுக்குப் பொறுப்பேற்றால் பதினைந்து. இருபத்தைந்து நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளராகப் போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று அவளிடம் சொன்னேன்.

“ஏங்க, அவ படிக்கப் போனாளா, நாற்காலியத் தேய்க்கப் போனாளா?” என்றாள் என் மனைவி. “அவ பாத்துக்குவா, விடுங்க.”

சங்கத்தின் தலைவி காப்பாரைச் சேர்ந்த பெண், இறுதியாண்டு மாணவி. பொங்கல் விழாவுக்கு அனுமதிக் கடிதம் எழுத யாரும் முன்வராததால், அவளே என் மகளின் அறைக்கதவைத் தட்டியிருக்கிறாள்.

“நீ மலாய் நல்லா எழுதுவியாமே? அப்ப நீதான் லெட்டர். எங்களுக்கு அந்த ஆபீஸ் மலாய் வராது லா.”

பேசத் தேவையில்லை, எழுதினால் போதும் என்பதால் இவள் ஒப்புக்கொண்டாள். பொறுப்பாளர் பதவி, பதினைந்து புள்ளி. ஒன்பது கடிதங்கள் எழுதினாள். ஒன்பதுக்கும் அனுமதி வந்தது.

விழாவுக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே நானும் மனைவியும் போய்ச் சேர்ந்தோம். கார் நிறுத்தும் இடத்தில் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய இருபத்து நான்கு மண்பானைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு பானைக்கு மூன்று செங்கல் என்றால் எழுபத்திரண்டு இருக்க வேண்டும். எழுபத்தொன்றுதான் இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகப் பாதுகாவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், கையில் அனுமதிக் கடிதத்தின் நகல். விறகுக் கட்டுகளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், கூடாது என்று தலையை ஆட்டினார்.

கடிதத்தில் சமையல் என்று இருந்தது. விறகு என்று எங்கேயும் இல்லை. அலுவலகத்தில் கேஸ் அடுப்பு என்று நினைத்து அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எழுதிய என் மகளுக்கும் சரி, படித்துப் பார்த்த தலைவிக்கும் சரி, போனில் வாசிக்கக் கேட்ட எனக்கும் சரி, அது தோன்றவே இல்லை. பொங்கல் என்றால் விறகுதானே என்று இருந்துவிட்டோம்.

“இந்த லெட்டர யாரு எழுதுனது?” என்று ஒரு மாணவன் சத்தமாகக் கேட்டான். இருநூறு பேராவது திரும்பிப் பார்த்தார்கள். இன்றோடு முடிந்தது, இரவே பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பாதுகாவலரிடம் நானே பேசலாம் என்று அடியெடுத்து வைத்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நில்லுங்க. அவ போறா பாருங்க.”

போனாள். எங்களிடமிருந்து இருபது அடி தூரம் இருக்கும். “சாலா சாயா, எஞ்சிக்” என்றாள். என் தப்புதான் ஐயா என்று அவள் இத்தனை பேர் முன்னால் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு நிறுத்தாமல் மலாயில் பேசினாள். நெருப்பு வைக்கும் நேரம் அரை மணிதான், விடுதியிலிருந்து இரண்டு தீயணைப்பான்கள் கொண்டுவருகிறோம், வாளிகளில் மணல் நிரப்பி வைக்கிறோம், அடுப்புகளைக் கார்களிடமிருந்து தள்ளி வைக்கிறோம் என்றாள். அவர் தன் அதிகாரிக்குப் போன் செய்தார். போனை அவளிடம் கொடுத்தார். அவள் பேசப் பேச நான் விரல்விட்டு நொடிகளை எண்ணினேன். இருநூற்றுப் பத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் இருபத்து நான்கு அடுப்பும் பக்கத்துத் திடலுக்குப் போக வேண்டும். தலைவி அவள் கையில் ஒலிபெருக்கியைத் திணித்தாள்.

“எல்லாரும் கேளுங்க!” என்றாள் என் மகள். குரல் கீச்சிட்டது. “அடுப்பு எல்லாம் பிண்டா பண்ணணும். அங்க, மரத்துக்கு... இல்ல, மரம் கிட்டயும் கூடாது. நடுவுல!”

இடம் மாற்ற வேண்டும் என்பதற்கு அந்த நேரத்தில் அவளுக்கு மலாய்ச் சொல்தான் வந்தது. கூட்டம் சிரித்தது. முதல் கூட்டத்தில் அவள் கேட்ட அதே சிரிப்பாகத்தான் இருக்கும். அவள் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சிரிக்கிறவங்க ரெண்டு செங்கல் தூக்குங்க!”

முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். கண்ணைத் திறந்தபோது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். கடிதம் யார் எழுதியது என்று கேட்ட அந்த மாணவன் நான்கு செங்கல் சுமந்து போனான். “சிஸ்டர், நான் டபுளா சிரிச்சிட்டேன்!”

பால் பொங்கியபோது பாதுகாவலரும் நின்று பார்த்தார். அவருக்கு ஒரு கிண்ணம் பொங்கலை என் மகள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெட்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும் ரயிலில் சுபாங் ஜெயா வந்தபோதுதான் எனக்குச் சரியாக மூச்சு வந்தது.

அதன் பிறகு அவள் சொன்ன நிகழ்ச்சிகளையெல்லாம் குறித்து வைத்தேன். ஆண்டு முடிவில் என் கணக்கு ஐம்பத்தெட்டில் நின்றது. இரண்டு குறைவு. பட்டியல் வெளியாகும்வரை ஒன்பது நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த ரயிலும் பஸ்ஸும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தன.

பத்தாம் நாள் போன் வந்தது. “அப்பா, அறை கிடைச்சிருச்சு. எழுபத்து மூணு பாயிண்ட்.”

“எப்படி? ஐம்பத்தெட்டுதானே?”

“விவாதக் குழுவுல ஒரு பொறுப்பு எடுத்தேன், அதுக்குப் பதினஞ்சு. புது மாணவர்களுக்கு வரவேற்புப் பேச்சும் நான்தான். உங்ககிட்ட சொன்னா எண்ண ஆரம்பிச்சிடுவீங்க, அதான் சொல்லல.”

எந்த மொழியில் பேசப் போகிறாய் என்று கேட்டேன். “தமிழ், மலாய், இங்கிலீஷ், மூணுலயும்தான். தப்பா பேசினா சிரிப்பாங்க, செங்கல் தூக்கச் சொல்லுவேன், அவ்வளவுதானே” என்றாள். இந்த வாரம் வீட்டுக்கு வர முடியாது, ஒத்திகை இருக்கிறது என்றும் சொன்னாள். புது அறை நான்காம் மாடியாம். படிகள் எத்தனை என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று எனக்குத் தெரியாது.