தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்ட பெயர்

இந்த நாட்டில் சனிக்கிழமைக் காலைகளில் எட்டுப் பையன்கள் ஒரு படகைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்குவார்கள். நீளமான, ஒல்லியான படகு. இருபுறமும் நான்கு நான்கு பேர், ஒரே நடை, ஒருவரும் பேசுவதில்லை. முதல் முறை அதைப் பார்த்தபோது நான் பாதையை விட்டு ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு, "இன்னா லில்லாஹி" என்று சாவுக்குச் சொல்வதை முணுமுணுத்துவிட்டேன். எங்கள் பெரியபட்டினத்தில் இறந்தவரின் மையித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து இப்படித்தான் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். முன்னால் நடந்து வந்தவன் என் மகன்தான் என்று தெரிந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. அவன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுப் போனான்.

நான் இங்கே ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறவன். முதலில் தனியாக வந்தேன். மனைவி மைமூனும் பிள்ளைகளும் சில வருஷம் கழித்து வந்து சேர்ந்தார்கள். பதினைந்து வயது மகன் பள்ளிக்கூடத்துப் படகுக் குழுவில் இருக்கிறான். நம்மவர்கள் இங்கே ஒவ்வொரு குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் பிள்ளையும் ஒரு காகிதத்தை நீட்டி, "சனி ஞாயிறு ரெகாட்டா, நீங்க வரணும்" என்று சொல்லலாம். அப்போது என்னைப் போல விழிக்காமல் இருக்க நான்கு வார்த்தை எழுதி வைக்கிறேன். ஊரில் இருப்பவர்களும் படிக்கட்டும். கடலில் தண்டு என்னும் துடுப்பு வலித்த குடும்பத்துப் பிள்ளை இங்கே என்னத்தை வலிக்கிறான் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமே.

ரெகாட்டா என்பது இரண்டு நாள் படகுப் பந்தயம். சனிக்கிழமை தகுதிப் போட்டிகள், ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. உங்கள் பிள்ளையின் படகு கண்ணில் படுவது ஐந்து ஆறு நிமிஷம்தான். மிச்ச நேரமெல்லாம் ஈரப் புல்லில் நிற்க வேண்டும். நல்ல தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பாழாகிவிடும். ரப்பர் பூட்ஸ் இருந்தால் மானம் பார்க்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். குடை வேண்டும், ஆனால் படகு வரும்போது மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் ஒன்றும் சொல்லாமல் இருமுவார், இங்கே அதுதான் சண்டை. பொரித்த மீனைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லலாம் என்றிருந்தேன். மைமூன் கட்டிக் கொடுத்ததை அந்த எட்டுப் பையன்களும் ஐந்து நிமிஷத்தில் காலி செய்துவிட்டார்கள், அதனால் கூடுதலாகவே கொண்டுபோங்கள். இன்னொன்று, மீன் பிடிக்கப் போகாத படகை நான் இங்கேதான் முதலில் பார்த்தேன். வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அதற்குக் கரை முழுக்கக் கைதட்டுகிறது. இதைக் கேட்டு முகம் சுளிக்காமல் நீங்களும் தட்டிவிட வேண்டும்.

இதையெல்லாம் நான் சமாளித்துவிட்டேன். ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. கரையில் நிற்கும் பெற்றோர் தங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். அதிர்ந்து பேசாத மனிதர்கள், ரயிலில் எதிரில் உட்கார்ந்தால் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்கள், படகு வளைவு திரும்பியதும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். "பீட்டர்! டேவிட்! ராபர்ட்!" என்று கரை முழுவதும் தண்ணீரைப் பார்த்துப் பெயர்களைக் கூவுகிறது. சனிக்கிழமை அதைக் கேட்டதும் நான் இரண்டு அடி பின்னால் போனேன். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

என் பக்கத்தில் தட்டைத் தொப்பி போட்ட ஒருவர் நின்றார். அவர் பிள்ளையும் அதே படகில்தான். திடீரென்று எங்கள் பையன்களின் படகு ஒருபக்கமாக இழுத்துத் தடுமாறியது. தொப்பிக்காரர் தூரத்தைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயை இறக்கிவிட்டு என்னிடம், "அடடா, உங்கள் பையன் ஒரு நண்டு பிடித்துவிட்டான்" என்றார்.

"எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டார். நான் உண்மையாகவே கேட்டேன். பந்தயத்தின் நடுவில் இவன் எதற்கு நண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்ற கோபம்கூட வந்தது. பிறகு அவரே விளக்கினார். துடுப்பு உரிய நேரத்தில் வெளியே வராமல் தண்ணீருக்குள் மாட்டிக்கொள்வதை இவர்கள் நண்டு பிடிப்பது என்கிறார்கள். மாட்டிய வேகத்தில் துடுப்பின் பிடி நெஞ்சில் அடித்து ஆளையே ஆற்றில் தூக்கி எறிந்துவிடுவதும் உண்டாம். இதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் ஈரம் என்றும் பார்க்காமல் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பையன்கள் எப்படியோ சமாளித்து, இறுதிப் போட்டிக்குக் கடைசி இடத்தைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் சாப்பிட வந்தபோது என் மகன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

"எல்லார் வாப்பாவும் பேரச் சொல்லிக் கத்துறாங்க. நீங்க மட்டும் மவுத்து வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க."

"தொண்ட சரியில்ல தம்பி."

"அதான்! தம்பி, தம்பின்னுட்டு! எனக்குப் பேரு இல்லையா? பொறந்ததுலேர்ந்து ஒரு தடவையாச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா வாப்பா?"

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வந்தா ஜமால்னு கூப்பிடணும். அந்தக் கரையிலேர்ந்து எனக்குக் கேக்கணும். இல்லாட்டி வரவே வராதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அவன் சொன்னது உண்மை. அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் பெற்ற பிள்ளையைத் தம்பி என்பது வழக்கம்தான், யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. ஆனால் எனக்கு ஜமால் என்ற பெயரில் உண்மையாகவே ஒரு தம்பி இருந்தான். என்னைவிட நான்கு வயது இளையவன், என்னைக் காக்கா என்று கூப்பிடுவான். சுதந்திரம் வந்து நான்காம் வருஷம் கடலில் போனான்; இப்படி ஒரு சாச்சா இருந்தது பிள்ளைகளுக்கும் தெரியும். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு பிறந்த என் மகனுக்கு உம்மாதான் அந்தப் பெயரை வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். மைமூனுக்கே சொல்லாத அந்தக் காரணத்தை இப்போது இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு வள்ளத்தில் தண்டு வலிக்க வேண்டியவன் நான். வெளிநாடு போகும் பைத்தியம் அப்போதே எனக்குப் பிடித்திருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ராமநாதபுரம் போக வேண்டும். மறுநாள் போயிருக்கலாம், ஒன்றும் குடி முழுகிப் போயிருக்காது. ஆனால் எனக்கு அவசரம்.

"ஏலே ஜமாலு, இன்னக்கி ஒரு நா என் தண்ட நீ பிடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"போங்க காக்கா, நா பாத்துக்கிறேன். படத்துல சிரிச்சிராதீங்க, பாஸ்போட்டு குடுக்கமாட்டான்" என்றான்.

நான் சிரிக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் தலையைச் சாய்க்கச் சொன்னார், சாய்த்தேன். நிமிரச் சொன்னார், நிமிர்ந்தேன். அந்த நேரத்தில்தான் முயல் தீவுக்குப் பக்கத்தில் காற்று மாறி வள்ளம் கவிழ்ந்தது. மூன்று பேர் கவிழ்ந்த வள்ளத்தைக் கட்டிப் பிடித்துக் கிடந்தார்கள்; பக்கத்து ஊர்ப் புதுமடத்துக்காரர்கள் கண்டு கரை சேர்த்தார்கள். ஜமால் அவர்களோடு இல்லை. அந்தப் படம் இன்றும் என் முதல் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. ஒன்றும் அறியாத முகம். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். திரும்பி வருகிறவனைக் கூப்பிட வேண்டிய தேவை இல்லை, அவன்தான் வந்துகொண்டிருக்கிறானே. தண்ணீரைப் பார்த்து ஒரு பெயரைக் கூவினால், அந்தப் பெயருக்குரியவன் வரவில்லை என்று பொருள். ஒரு முறை கூப்பிட்டுவிட்டுப் பதில் வருகிறதா என்று நின்று கேட்பார்கள். பிறகு மறுபடியும் கூப்பிடுவார்கள். உம்மா நாற்பது நாள் மஃரிபு தொழுகைக்கு முன்னால் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கரைக்குப் போய் ஜமாலைக் கூப்பிட்டார். நான் துணைக்குப் போனேன். "நீயும் கூப்பிடு வாப்பா, ஒன் கொரலு அவனுக்குத் தெரியும்" என்று ஒவ்வொரு நாளும் என்னிடம் சொன்னார். நான் ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? என் இடத்தில் உட்கார்ந்து போனவன் அவன். துக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று உம்மா நினைத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்குள் நான் கப்பலேறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்று காலையில் நினைத்தேன். போகாவிட்டால் இந்த ஜமாலும் என்னை விட்டுப் போய்விடுவான் என்று தோன்றியது. பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு முறை வராதே என்று சொல்லி நாமும் வராமல் இருந்துவிட்டால், அப்புறம் அவன் எதற்கும் கூப்பிட மாட்டான். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கரையில் தொப்பிக்காரர் எனக்கு இடம் வைத்திருந்தார். "இன்றைக்கு நண்டு வேண்டாம்" என்று சொல்லித் தோளைத் தட்டினார். படகுகள் வளைவில் திரும்பின. கூச்சல் கிளம்பியது. நான் வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. படகு எங்களுக்கு நேராக வந்து கடக்கத் தொடங்கியது. கடந்துவிட்டால் முடிந்தது. நான் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கரையோரம் ஓட ஆரம்பித்தேன்.

"ஜமா...ல்!"

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. மற்றவர்கள் கத்தியது உற்சாகக் குரல். இது அந்த வகை இல்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் யாரோ விழுந்துவிட்டதாக நினைத்துப் பதறி ஆற்றைப் பார்த்தார்கள். நான் ஓடுவதை நிறுத்திவிட்டு நின்று கேட்டேன். அவ்வளவு கூச்சலுக்கு நடுவில், பைத்தியக்காரனைப் போல, பதிலுக்காகக் காது கொடுத்து நின்றேன். பிறகு இன்னொரு முறை கூப்பிட்டேன். படகு தூரத்தில் கோட்டைத் தாண்டியது.

நான்காவதாக வந்தார்கள். படகைக் கரையேற்றிவிட்டு, சட்டை முழுக்க நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மகன் என்னிடம் வந்தான். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வாப்பா, நீங்க கூப்பிட்டது என்னையா, சாச்சாவையா?"

பொய் சொல்லியிருக்கலாம். என் அந்தக் குரலைக் கேட்டுவிட்டவனிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"மொதத் தடவ சாச்சாவ. ரெண்டாவது ஒன்ன."

அவன் தலையை ஆட்டினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி, "ரெண்டுக்கும் நா வாரேன்னு சொன்னேன். ஒங்களுக்குத்தான் கேக்கல" என்றான்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தொப்பிக்காரர் எங்கள் படகு தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்து, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றினார். நானும் ஆமாம் என்றேன்.

உம்மா இன்னும் பெரியபட்டினத்தில்தான் இருக்கிறார். நான் எழுதும் கடிதங்களை என் லாத்தா, அக்காதான், படித்துக் காட்டுவாள். இந்த வாரம் நலம் விசாரித்து, இங்கே குளிர் குறைந்ததை எழுதி, கடைசியில், "ஜமாலைத் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டேன் உம்மா, வாரேன் என்றான்" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது. இதைக் கேட்டதும் உம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கரைக்குக் கிளம்பினாலும் கிளம்புவார். 'உங்கள் பேரன்' என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும், ஒரு குழப்பமும் இருக்காது. வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேர்க்காமலே உறையை ஒட்டினேன்.