கரையில் எடுத்த எச்சம்

வலசை வரும் வாத்துகளின் எச்சத்தைப் பொறுக்குவதுதான் என் வேலை என்று சொன்னால், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை. எங்கள் மலைக்கு வருஷக் கடைசியில் வருபவை கொஞ்சம்தான். அவை என்ன வைரஸைக் கொண்டுவருகின்றன என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்காக நீர்த்தேக்கக் கரையில் பஞ்சுக்குச்சியால் எச்சத்தைத் தொட்டெடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவேன்.

விடியும்போதே எடுக்க வேண்டும் என்பது விதி. ராகலையிலிருந்து முதல் பஸ் வந்து சேரவே எட்டரை ஆகிவிடும். அதற்குள் அவை நடுத்தண்ணீருக்குப் போயிருக்கும். கரையில் ஈரம் காயாமல் கிடப்பதை எடுப்பேன்.

கரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், என் அக்கா இருக்கிறாள். இடுப்புவலியால் கொழுந்து பறிக்கப் போக முடியாமல், ஆறு வாத்து வளர்த்து முட்டை விற்றுப் பிழைத்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரத்தில் கூட்டைத் திறந்துவிடுவாள். அவை நேரே கரைக்குப் போய் மேயும். இது எனக்குத் தெரியாததா? பிறந்து வளர்ந்த லயம். ஆனாலும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஆய்வுகூடத்திலிருந்து போன் வந்தது. நான் அனுப்பியதில் பெரும்பாலானவை வீட்டு வாத்தின் எச்சமாம், மரபணு காட்டிக்கொடுத்துவிட்டது. ஒன்றில் வைரஸும் இருந்ததாம். எந்த வகை என்று தெரிய ஒரு வாரம் ஆகும், அதுவரை வளர்ப்பவரிடம் வாத்துகளை அடைத்து வைக்கச் சொல் என்றார்கள். திட்டு வேறு.

அன்று கரை கரையாக நடந்த களைப்பு. அக்கா வீட்டில் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, ஒன் வாத்துல கிருமி இருக்காம். அடைச்சு வையி" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். பெரும்பாலும் ஒன்றும் செய்யாத வகையாகத்தான் இருக்கும் என்று விளக்க இன்னும் ஐந்து நிமிடம் பிடித்திருக்கும். எனக்கு அலுப்பாக இருந்தது.

அடுத்த வாரம் முடிவு வந்தது. பயமில்லாத வகை. நேரில் சொல்லலாமென்று போனேன். கூடு காலியாக இருந்தது. உள்ளே சுண்ணாம்பு அடித்திருந்தாள். ஆறையும் அறுத்து, தேயிலைக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்துவிட்டாளாம்.

"பக்கத்து வீட்டுல கைப்புள்ள இருக்கு. நீ படிச்சவ, சும்மாவா சொல்லுவ? நல்லவேள, நேரத்தோட சொன்ன" என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

வாங்கிக் குடித்தேன். முடிவு என்னவென்று அவள் கேட்கவில்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை.