சாவி மாமாவிடம் இருந்தது

அன்று தூத்துக்குடி போனவர்கள் நான்கு பேர்: திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருந்த மாமா, அவருடைய தங்கைகளான என் அம்மாவும் சித்தியும், அப்புறம் நான். பஸ்ஸில் ஏறியதிலிருந்து நான்கு தலைகளையும் எண்ணிக்கொண்டே போனேன். யாராவது தொலைந்துவிடுவார்கள் என்பது அப்போது எனக்கு ஓயாத கவலை. இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

ஊர் பார்க்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தோம். உண்மையில் சித்தியைப் பெண் காட்டப் போனோம். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. நாலு மணிக்கு மாதா கோவிலில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

காலையிலேயே போய் இறங்கிவிட்டதால் மாமா எங்களைப் பழைய துறைமுகத்துப் பக்கம் கூட்டிப் போனார். வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்குகள் வரிசையாக நின்றன. மற்றவர்கள் அண்ணாந்து பார்த்த இடத்தில் மாமா குனிந்து, கதவில் தொங்குவது எந்த ஊர்ப் பூட்டு என்று பார்த்தார். திண்டுக்கல் பூட்டு ஒன்றுகூட இல்லை. ஊரே திறந்து கிடப்பதாக வருத்தப்பட்டார்.

பிறகு கடற்கரை. அம்மா கடலைப் பார்த்ததும், இம்புட்டுத் தண்ணியும் சும்மா கெடக்கே என்று பெருமூச்சு விட்டாள். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளாகியிருந்தது.

அலையில் கால் நனைக்க ஆசை. ஆனால் செருப்பையும் பையையும் விட்டுப்போக மாமாவுக்கு மனம் வரவில்லை. பையில்தான் சித்தி மாலையில் கட்ட வேண்டிய அரக்குப் பட்டும், மாமாவின் செல்போனும் இருந்தன. அவர் மடியிலிருந்து சங்கிலியும் கனத்த பூட்டும் வெளியே வந்தன. கட்டுவதற்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

அதுவரை சித்தி தள்ளி நின்று, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். மீன் விலை விசாரிக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தவள், மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு நீலப் படகைக் கை காட்டினாள். மாமா பையையும் நாலு ஜோடிச் செருப்பையும் சங்கிலியில் கோத்து, படகு முனையிலிருந்த இரும்பு வளையத்தோடு பூட்டினார்.

நான் சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“சித்தி, போட்டு போயிருச்சுன்னா?”

சித்தி என் வாயில் ஒரு முந்திரி மக்ரூன் மிட்டாயைத் திணித்தாள்.

“அது பழைய போட்டுடி. எங்கயும் போகாது.”

ஆசை தீர நனைந்து திரும்பியபோது அங்கே படகு இழுபட்ட தடம் மட்டும் இருந்தது. மாமா இடுப்பிலிருந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“பயப்படாதீக. சாவி எங்கிட்டதான் இருக்கு.”

“அத வச்சு கடலத் தெற, அண்ணே,” என்றாள் அம்மா.

நாலு மணி வந்தது, போனது. ஈரச் சேலையும் வெறுங்காலுமாக மாதா முன்னால் தற்செயலாகப் போய் நிற்க முடியாது. தகவல் சொல்லலாம் என்றால் போன் கடலில் இருந்தது.

பொழுது சாயப் படகு வந்தது. பை நிறைய மீன் வாடை.

“ஒடைச்சுப் பாத்தோம் அண்ணாச்சி, பூட்டு அசையல. அதான் அதையும் சேத்துக் கொண்டு போயிட்டோம்,” என்றார் வலைக்காரர்.

அன்று முழுவதும் மாமா முகத்தில் இல்லாத ஒளி அப்போது வந்தது. பையைத் திறந்ததும் முதல் வேலையாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். பூட்டு உடையவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார். செருப்பைப் படகில் பூட்டுகிற குடும்பம் தங்களுக்குத் தோதுப்படாது என்று மறுநாளே பதில் வந்துவிட்டது.

அடுத்த தை மாதம் சித்தி, நிலக்கோட்டையிலிருந்து எங்கள் தெருவழியாகப் பூ வேன் ஓட்டி வருகிறவரைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு மட்டும் அவர் எப்போதும் ஒரு முழம் கூடுதலாக அளந்து வந்ததை நான் தாராள மனசு என்று நினைத்திருந்தேன்.

தூத்துக்குடியிலிருந்து திரும்பிய அன்றிரவு பஸ்ஸில் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். ஜன்னலோரம் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பட்டுச்சேலை பாழான துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று பயந்துபோய், திண்டுக்கல் வரும்வரை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தேன்.