ஷட்டர் துணியில் ஓர் ஓட்டை

எண்பதுகளின் கடைசியில் சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்திருந்தன. அப்போது நான் தருமபுரியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். என்னிடம் சிறிய தொலைநோக்கி இருந்தது, கேமரா இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் தன் ரஷ்யக் கேமராவைக் கொடுத்தார். கல்யாணம், காதுகுத்து என்று வெளிவேலைக்கெல்லாம் அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

"சூரியனையா புடிக்கப் போறீங்க? ஆடாம நிக்கிற ஆளு சார் அது. கல்யாண வூட்டு ஆளுங்களுக்கு எவ்வளவோ மேலு," என்றார்.

வெல்டிங் பட்டறையில் வாங்கிய கரும்பச்சைக் கண்ணாடியைத் தொலைநோக்கியின் முன்வாயில் கட்டினேன். பின்னால் கேமராவைப் பொருத்தி, பள்ளி மொட்டை மாடியில் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கடைசிப் படம் முடிந்ததும் கரும்பச்சைக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தேன். அந்நேரம் தலைமையாசிரியர் கீழிருந்து கூப்பிட்டார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைநோக்கி சூரியனை நோக்கியே இருந்தது. ஃபிலிமை மூடி நிற்கும் ஷட்டர் அந்தக் கேமராவில் வெறும் கறுப்புத் துணி. குவிந்த வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. ரப்பர் தீயும் வாடை வந்த பிறகுதான் திரும்பினேன்.

ஃபிலிமை வெளியே எடுத்துவிட்டு, கேமராவின் முதுகைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். துணியின் நடுவே ஊசி குத்தினாற்போல ஓட்டை.

அன்று மாலையே கேமராவைத் துடைத்துப் பாயிடம் கொடுத்தேன். சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை என்றெல்லாம் இப்போது எழுதலாம். நான் வாயெடுக்கவே இல்லை. ஃபிலிமையும் அவரிடமே கழுவக் கொடுத்தேன். கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று மிகத் துல்லியமாக விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கிப் பள்ளிக் கண்காட்சியில் மாட்டினோம். வந்த அதிகாரி என் கையைக் குலுக்கினார். கரும்கண்ணாடி இல்லாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் வைக்காதே என்று மாணவர்களுக்கு ஓயாமல் சொல்லும் எச்சரிக்கையை நானே மறந்துவிட்டேன் என்று அதற்குப் பிறகு சொல்ல எனக்கு மனமில்லை.

அதற்குள் பாய் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு விவசாயி வீட்டுக்குப் போய், மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப அவர் மகளைப் படம் எடுத்திருந்தார். அந்தப் பெண் என் பழைய மாணவி. எல்லாப் படத்திலும் அவள் கழுத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று பாய் பிரஷ்ஷால் மை தொட்டு அதை மறைத்தார். மாப்பிள்ளை வீட்டில் படத்தைச் சாய்த்துப் பார்த்திருக்கிறார்கள். மை தொட்ட இடம் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. பெண்ணுக்கு வெண்குஷ்டம், மறைக்கிறார்கள் என்று படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து பார்க்கவும் மறுத்தார்கள்.

பெண்ணின் தகப்பனாரும் பாயும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தார்கள். பாய் கேமராவைத் திறந்து ஓட்டையைக் காட்டினார்.

"நான் சொன்னா யாரு சார் நம்பறாங்க? நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க."

"எம் பொண்ணு பேரு கெடுது சார்," என்றார் தகப்பனார்.

அரூருக்கு அருகில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். மாப்பிள்ளையின் தாயார் பாயைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"மை பூசி வெச்சா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா பாயி?"

"பொண்ணு கழுத்துல ஒண்ணுமே இல்லீங்கம்மா. கேமராவுல ஓட்ட. அதுதான் வெள்ளையா வுழுந்துட்டுது."

"ஓட்டக் கேமராவ வெச்சிக்கிட்டா தொழில் பண்றே? பேசாம முறுக்கு சுட்டு விக்கலாமில்ல?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாய் என்னைப் பார்த்தார். ஓட்டை வழியே வெளிச்சம் கசிந்து ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் எப்படி விழும் என்று நான் விளக்கினேன். வகுப்பில் கூட அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார்: "அது சரிங்க சார், துணி எப்படி ஓட்டையாச்சு?"

பாய்க்குத் தெரியாத ஒன்றைத்தான் அவர் கேட்டார். எனக்குத் தெரியும்.

"பழைய துணிங்க. நைஞ்சு போயிருக்கும்," என்றேன்.

"ஆமாங்க. நாந்தான் கவனிக்காம வுட்டுட்டேன். என் தப்புதாங்க," என்றார் பாய்.

"வாத்தியாரே சொல்லும்போது சரியாத்தான் இருக்கும். சாருக்குக் காப்பி கொண்டாங்க," என்றார் அந்த அம்மா. நான் நாற்காலியில் இருந்தேன். பாய் வாசற்படி ஓரம் நின்றுகொண்டிருந்தார். நான் காப்பியைக் குடித்தேன்.

அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்தார்கள், கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண்ணின் தகப்பனார் பத்திரிகையோடு வந்தார்.

"போட்டோவுக்கு சேலத்துல இருந்து ஆள் வர்றாங்க சார். பாயி வேண்டாம்னு மாப்ள வூட்ல கண்டிசனா சொல்லிட்டாங்க. பாவந்தான், என்ன பண்றது? நீங்க இல்லீன்னா இந்தக் கல்யாணமே இல்லீங்க. முன்னாடியே வந்துருங்க."

போகாமலிருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் போனேன். மேடைக்கு அழைத்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் கடை வாசலில் பாய் கேட்டார்: "கல்யாணம் நல்லா நடந்துதுங்களா சார்?"

"நடந்துதுங்க."

"நல்லதுங்க. பயந்துகிட்டே இருந்தேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பள்ளிக்கு நேரமாகிறது என்றேன்.

நல்லம்பள்ளிப் பக்கத்து ஊர்களில் அவரை 'ஓட்டக் கேமரா பாயி' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். கல்யாண வேலைகள் நின்றன. அவர் என்னைச் சந்தேகப்பட்டாரா, எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்கவில்லை. நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே குறைத்துக்கொண்டேன். பெண்ணுக்கு நியாயம் செய்துவிட்டோமே என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நியாயம் பாய் தன் பெயரைக் கொடுத்து வாங்கியது.

கடையைக் காலி செய்துகொண்டு அவர் ஊரைவிட்டுப் போன அன்று தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். சாமான் ஏற்றிய வண்டி அருகே நின்றிருந்தவர் என்னைப் பார்த்து சலாம் வைத்தார். எந்த ஊருக்கு என்றுகூடக் கேட்காமல், நானும் கையைத் தூக்கிவிட்டு நடந்தேன்.