கோல் காப்பாளரின் வேலையில்லாத சனிக்கிழமை

எண்பதுகளின் நடுவில், ஹேர்னிங்குக்குக் கிட்டிய ஒரு சிறு நகரத்தில் எனக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. அந்தக் குளிர்காலம் டெனிஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் ஒரு கனடாக்காரர். அவ்வூர் ஐஸ் ஹொக்கி அணி சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்த கோல் காப்பாளர். வகுப்பில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். டெனிஷ் சொற்களைப் பாதியில் விழுங்கி உச்சரிக்க இருவருக்கும் வரவில்லை. அதுவே எங்களைச் சேர்த்து வைத்தது.

ஒருநாள் எனக்கு ஒரு ரிக்கற் தந்தார். மன்னாரில் வளர்ந்த நான் அதுவரை ஐஸைக் கண்டது மீன்வாடியில்தான். முதல் ஆட்டத்தில் ஒன்றும் விளங்கவில்லை. 'பக்' என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே போகிறதென்று கண் பிடிப்பதற்குள் கோல் விழுந்துவிடும். அதனால் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஊர் ஆட்டம் ஒன்றையும் விடவில்லை. கையில் காசும் இல்லை, போக வேறு வீடும் இல்லை. அவர் தரும் ரிக்கற் இருந்தது.

நத்தார் பண்டிகை வரைக்கும் தோல்விக்கு மேல் தோல்வி. தை பிறந்த பிறகு எப்படியோ வெல்லத் தொடங்கினார்கள். அடுத்த சுற்றுக்குக் கடைசி அணியாக உள்ளே போனார்கள். அங்கே மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும். முதலாவதை வெளியூரில் தோற்றார்கள். இரண்டாவது, வியாழக்கிழமை, எங்கள் மண்டபத்தில். கடைசி நிமிடங்கள் வரை ஒரு கோலால் முன்னுக்கு நின்றார்கள். அதன் பிறகு எங்கள் பக்கம் இரண்டு கோல் விழுந்தது. அதில் இரண்டாவது, சொந்த அணிக்காரனின் சப்பாத்தில் பட்டுத் திரும்பியது. கனடாக்காரர் முழங்காலில் நின்றபடியே கொஞ்ச நேரம் எழும்பவில்லை.

அதே கிழமைதான் என் மனைவியும் இரண்டரை வயது மகளும் வருவதாகத் தந்தி வந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம், கொப்பன்ஹேகன் விமான நிலையம். மகளை நான் கடைசியாகக் கண்டபோது அவள் தவழவும் தொடங்கவில்லை. வெள்ளிக்கிழமையே ரயிலில் போய் அங்கே ஒரு வாங்கில் காத்திருப்பது என் திட்டம்.

வெள்ளி காலை வகுப்பில் அதைச் சொன்னேன். அவர் கொப்பியை மூடினார்.

"ரயில் வேண்டாம். நான் கூட்டிக்கொண்டு போறன்."

"உங்களுக்கு ஆட்டம்..."

"வெண்டிருந்தால்தானே மூண்டாவது ஆட்டம். நாளைக்கு எனக்கு வேலை இல்லை."

விடியக் கிளம்பினோம். அந்நாளில் வழியில் குறுக்கிட்ட கடலுக்கு மேல் பாலம் இல்லை. காரைக் கப்பலில் ஏற்றித்தான் போக வேண்டும். கப்பலில் ஒருவர் அவரை அடையாளம் கண்டு அந்தக் கடைசிக் கோலைப் பற்றிக் கேட்டார். இவர் கோப்பிக் கோப்பையையும் சீனிக்கட்டியையும் வைத்து அது எப்படித் திரும்பியது என்று பொறுமையாகக் காட்டினார். தன் மேல் பிழை இல்லையென்று ஒரு சொல் சொல்லவில்லை.

மனைவி நூல் சேலையும் செருப்புமாக வெளியே வந்தாள். மகள் என்னைக் கண்டதும் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, இந்த மனுசன் ஆர்?" என்றாள் மனைவி மெல்ல.

"ஐஸில விளையாடுறவர். எங்களுக்காக வந்தவர்."

அவர் காரிலிருந்து அணியின் தடித்த காலுறைகளை எடுத்து நீட்டினார். மனைவிக்கு அவை முழங்காலுக்கு மேலே வந்தன. மகள் ஒற்றைக் காலுறைக்குள்ளேயே இடுப்பு வரை நின்றாள். வழியில் பிள்ளை, தனக்குப் போர்த்தியிருந்த அவருடைய ஜக்கற்றில் சத்தி எடுத்துவிட்டாள்.

"ஐயோ, அந்தாளின்ர உடுப்பெல்லாம் பழுதாப்போச்சு," என்று மனைவி கூனிக்குறுகினாள்.

அவர் காரை ஓரம் நிறுத்தி, பனியை அள்ளித் தேய்த்தார். மகள் முதல் முறையாகச் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

திரும்பும் கப்பலில் கேட்டேன்: "வெண்டிருந்தால் இப்ப எங்க நிண்டிருப்பியள்?"

மணிக்கூட்டைப் பார்த்தார். "ஐஸில இறங்கிற நேரம்." பிறகு, என் மடியில் தூங்கிப்போன பிள்ளையைப் பார்த்து, "பரவாயில்லை," என்றார்.

அந்தத் தோல்விக்காக நான் சந்தோசப்பட்டது அப்போதுதான். வெட்கத்தோடுதான் சந்தோசப்பட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு கிழமையில் ஒப்பந்தம் முடிந்து அவர் கனடாவுக்குப் போனார். போவதற்கு முன் எங்கள் அறைக்கு வந்து, வியர்க்க வியர்க்க மனைவியின் கோழிக்கறியைச் சாப்பிட்டார். அதன் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. மனைவி டெனிஷில் முதலில் வாசிக்கப் பழகியது பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம். பிறகு வந்த குளிர்காலங்களில், வேலைக்குப் போகும் அவசரத்தில் பத்திரிகை விரிக்க நேரமில்லாத நாளில் என்னைக் கேட்பாள்: "நேற்று எங்கட ஆக்கள் வெண்டவையோ?"