கார்டின் இரண்டாவது நோட்டு

எங்கள் ரயிலின் கார்டிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று ரயில்வே கொடுத்தது. வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது, தாமதமானால் என்ன காரணம் என்று நிமிடம் தவறாமல் எழுதவேண்டிய ஜர்னல். மற்றது அவராகத் தாம்பரம் கடைத்தெருவில் வாங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற பச்சை அட்டை நோட்டு. அதிலும் ஜர்னலைப் போலவே ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டிருந்தார். இடம், நேரம், பயம், நடந்தது. மூன்றாவது கட்டத்தின் தலைப்பை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வளர்ந்த ஆண்பிள்ளை, இடுப்பில் பெல்ட்டும் கையில் கொடியுமாக நிற்கிறவர், பயத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறாரே என்று சிரித்தேன். அன்றைக்கு என்னைவிடப் பயந்தவன் அந்த லைனிலேயே இல்லை என்பது வேறு விஷயம்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. சென்னை பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிய மின்சார ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் முன்கோடி, கார்டு பின்கோடி, நடுவில் எட்டுப் பெட்டி ஜனங்கள். பல நாள் நானும் அவரும் ஒரே வண்டிதான். ஆனாலும் முகம் பார்ப்பது குறைவு, மணிதான் எங்கள் பேச்சு. அவர் இரண்டு தட்டு தட்டினால் கிளம்பவேண்டும். என் வயதுதான் அவருக்கும். இருவரும் கிறிஸ்தவர்கள் என்றாலும் அவர் தினமும் வேதம் வாசிக்கிறவர், நான் கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் ஆளாக வெளியே வருகிறவன்.

ஒருநாள் காலை தாம்பரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தோம். பல்லாவரத்தைத் தாண்டி, குரோம்பேட்டை வருவதற்கு முன்னால், பம்மல் பக்கத்து ஜனங்கள் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற இடம் ஒன்று உண்டு. ஒருவர் தலையைக் குனிந்தபடி, கையில் டிபன் பையோடு, அவசரமாக வந்தார். ஹாரன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ‘தினமும் கடக்கிற ஆள்தானே, போய்விடுவான்’ என்று நினைத்தேன். எரிச்சலும் இருந்தது. அந்த இடத்தில் ஹாரன் அடித்து அடித்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. அவர் தப்ப மாட்டார் என்று தெரிந்த நொடியில் உடம்பு மரத்துப்போயிற்று. பிறகு பிரேக்கைப் பிடித்தேன். அதற்கும் பிறகுதான் ஹாரனை அடித்தேன். எல்லாம் முடிந்து, வண்டி நின்றபின்னும், விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன்.

விசாரணையில், ‘ஹாரன் அடித்து எச்சரித்தேன், அவர் நகரவில்லை, பிரேக் பிடித்தேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். கார்டு, ‘ஹாரன் சத்தம் கேட்டது, வண்டி நின்றது’ என்று எழுதிக் கொடுத்தார். இரண்டும் பொருந்தியதால் என்மேல் தவறில்லை என்று முடித்துவிட்டார்கள். சில வாரங்களில் மறுபடி வண்டியில் ஏறினேன்.

அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது. பல்லாவரம் பிளாட்பாரம் முடிந்ததும் கை தானாக ஹாரனுக்குப் போகும். குரோம்பேட்டை வரை எடுக்கமாட்டேன். தண்டவாளத்து ஓரத்து வீட்டுக்காரர்கள் கல்லெடுத்து வீசுகிற அளவுக்கு அடித்தேன். மின்சார வண்டியில் ஒரு கைப்பிடி உண்டு. அதை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும், ஓட்டுகிறவன் மயங்கி விழுந்து கை தளர்ந்தால் வண்டி தானாக நின்றுவிடும். ஒருநாள் அதே இடத்தில் என் கை தளர்ந்தது. மயக்கமில்லை. தண்டவாளத்தில் ஈ காக்கை இல்லை. விரல்கள் விட்டுவிட்டன, அவ்வளவுதான். வண்டி நடுவழியில் நின்றது. கார்டு மணி அடித்துக் கேட்டார். நான் பதிலுக்கு மணி அடிக்கவில்லை.

அவர் பின்கோடியிலிருந்து இறங்கி, ஜல்லிக்கல்மேல் எட்டுப் பெட்டியையும் கடந்து நடந்து வந்தார். ஜன்னலுக்குக் கீழே நின்று மூச்சு வாங்கினார். ஜர்னல் கையில் இருந்தது.

“என்ன சார் ஆச்சு?”

“சிக்னல்” என்றேன்.

அவர் திரும்பி சிக்னலைப் பார்த்தார். பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. மறுபடி என்னைப் பார்த்தார். “நாலு நிமிஷம் லேட். காரணம்னு நான் ஏதாவது எழுதணுமே சார். என்ன எழுதட்டும்?” என்று மெதுவாகக் கேட்டார். என் கையைப் பார்த்தார், அது நடுங்கிக்கொண்டிருந்தது. ‘ஓட்டுநருக்கு உடல்நலக் குறைவு’ என்று எழுதிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்று சாயங்காலம் தாம்பரம் பிளாட்பார பெஞ்சில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பச்சை நோட்டைக் காட்டினார். நான் சிரித்தது அப்போதுதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“ஜெபம் பண்ணும்போது நான் பொய் சொல்றேன் சார். வேணும்னு இல்ல. சின்ன வயசிலேருந்து சொன்ன வார்த்தை, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு வாய் அதுபாட்டுக்கு ஓடுது. உள்ள இருக்கிற பயம் உள்ளயே இருக்கு. எழுதும்போது அப்படி ஓட முடியல. கை மெதுவாத்தான் போகும். அதுக்குள்ள உண்மை வந்து நின்னுடுது.”

ஒரு பக்கத்தை மட்டும் படிக்கக் கொடுத்தார். மகள் லாரிகள் பறக்கிற ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்து பள்ளிக்கூடம் போகிறாள் என்கிற பயம். அடுத்த மாதம் வருகிற ரயில்வே கண் பரிசோதனையைப் பற்றிய பயம். ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது: ‘மீனம்பாக்கம், 7.50. இன்று ஜெபித்தேன். கேட்க அந்தப் பக்கம் ஆள் இருப்பதாகவே தோன்றவில்லை.’ நான்காவது கட்டத்தை அவர் உடனே எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த வாரத்துப் பயங்களை வாசித்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, யார் வந்து உதவினார்கள் என்று நிரப்புவார். அந்த மீனம்பாக்கத்து வரிக்கு எதிரே, ‘இதை எழுதியும் ஆண்டவர் என்னைத் தள்ளிவிடவில்லை’ என்று இருந்தது. “சந்தேகத்தைக்கூட அவர்கிட்டயே சொல்லலாம் சார். வேதத்துல பக்தர்கள் பாதி நேரம் புகார்தானே சொல்லியிருக்காங்க” என்றார்.

மறுநாளே நானும் ஒரு நோட்டு வாங்கினேன். நாற்பத்தோரு நாள் எழுதினேன். ஒரு ஞாயிறு மதியம், அவர் செய்வதுபோல நானும் திருப்பிப் படிக்க உட்கார்ந்தேன். ‘பல்லாவரம், 8.12. சிக்னல் பச்சை. பயம் இல்லை. எல்லாம் சரி.’ மறுநாள், ‘எல்லாம் சரி.’ அதற்கடுத்த நாளும் அதுவே. கை நடுங்கிய நாளிலும், மூத்திரம் முட்டிக்கொண்டு வந்த நாளிலும், எல்லாம் சரி. ரயில்வேக்காரனுக்கு முதலில் சொல்லித்தருவதே, எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் நாளைக்கு ஒரு அதிகாரி படிப்பார் என்பதுதான். மாட்டிக்கொள்ளாமல் எழுதுவது எனக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. என் வீட்டு மேஜையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவருக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

அந்த மதியம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் எனக்கு வேர்த்தது. நாற்பத்திரண்டாவது வரியை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. ‘ஹாரனைப் பிறகுதான் அடித்தேன். அந்த மனிதரை நான் எச்சரிக்கவே இல்லை.’ எழுதி முடித்ததும் மனம் லேசானது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதற்குமுன் இருந்ததைவிடப் பத்து மடங்கு பயம் வந்தது. இப்போது அது காகிதத்தில் இருந்தது. கிழித்துப் போட இரண்டு தடவை கையை வைத்தேன்.

மறுநாள் தாம்பரத்தில் வண்டி ஏறுமுன் கார்டிடம் நோட்டைத் திறந்து கொடுத்தேன். முந்தைய பக்கங்களைப் புரட்டி, “ஆண்டவருக்கே ஆபீஸ் ரிப்போர்ட் குடுத்திருக்கீங்களே சார்” என்று சிரிக்கப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. நான் குனிந்து நின்றேன். அவர் தன் பையைத் திறந்து, பழைய பச்சை நோட்டு ஒன்றை எடுத்து, நேராக அந்த நாளின் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

‘முதலில் பிரேக். ஹாரன் அதற்கப்புறம். விசாரணையில் கேட்டால் என்ன சொல்வேன் என்று பயமாக இருக்கிறது.’ நடந்தது என்கிற கட்டத்தில், ‘எது முதலில் என்று யாரும் கேட்கவில்லை. ஹாரன் கேட்டது என்று மட்டும் எழுதினேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.’ அதற்குக் கீழே வாராவாரம் அதே வரி, வேறு வேறு மையில்.

“எல்லாத்தையும் எழுதினேன் சார். உங்ககிட்ட வந்து சொல்லத்தான் தைரியம் வரல. உங்க வேலை போயிடும்னு பயந்தேன். அது உங்களுக்காகன்னு நெனச்சுக்கிட்டேன். என் வேலைக்காகவும்தான்” என்றார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். ஒரே கனத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அதே வண்டியில், எட்டுப் பெட்டி தூரத்தில் அத்தனை மாதம் ஓடியிருக்கிறோம்.

இருவருமாகப் போய்த் திருத்தி எழுதிக் கொடுத்தோம். என்னை வண்டியிலிருந்து இறக்கினார்கள். அவருக்கும் தண்டனை வந்தது. அவர் வீட்டில் ஒரு மாதம் என்னைப் பற்றிப் பேச்செடுக்கவே முடியவில்லையாம். அவருக்கே என்மேல் கோபம் இருந்தது, அதையும் எழுதி வைத்திருந்தார். ஆனால் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்து, “கெளம்புங்க சார். போகவேண்டிய இடம் இன்னொண்ணு இருக்கு” என்றார். எந்த இடம் என்று கேட்காமலே எனக்குப் புரிந்தது. அதிகாரி முன்னால் நிற்கப் போனபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

பம்மலில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரு சந்து. இறந்தவரின் மனைவி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று கார்டு சொன்னதும் முறம் நின்றது. எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நான் நின்றபடியே சொன்னேன். “ஹாரன் அடிச்சதா நான் எழுதிக் குடுத்தது பொய்ம்மா. முன்னாடி நான் அடிக்கவே இல்ல.” திட்டுவார், மண்ணை வாரி இறைப்பார், அக்கம்பக்கம் கூடும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்போ அதுக்கு சத்தமே கேக்கலியா?”

“கேட்டிருக்காதும்மா.”

“திரும்பிப் பாக்கலியா?”

“இல்லம்மா. தலையைக் குனிஞ்சுகிட்டு, வேலைக்குப் போற அவசரத்துல வேகமா நடந்துகிட்டிருந்தார். டிபன் பை கையில இருந்தது.”

“டிபன் எட்த்துகினு தான் போச்சா?” என்று கேட்டார். “காலீல சண்ட சார். எங்கியாவது போய்த் தொலன்னு சொல்ட்டேன். அவ்ளோ ஹாரன் அட்ச்சும் நவரலன்னு போலீசு சொல்ச்சு. வேணும்னே நின்னுகினு இருந்துச்சுன்னு சந்து பூரா பேச்சு. அது அம்மா வந்து, நீதான் எம்புள்ளய அனுப்ச்சி வெச்சன்னு சொல்லிட்டுப் பூட்டாங்க. நானும் அப்டித்தான் நெனச்சுகினு கீறேன்.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கார்டும் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. என் வேலை, என் கை, என் பயம், என் பாவம் என்று மாதக்கணக்கில் நான் நடுங்கியதெல்லாம் என்னைப் பற்றித்தான். என் ஒரு வரிப் பொய் பம்மலில் ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்துகொண்டிருக்கும் என்று ஒருநாள்கூட நான் பயந்ததில்லை. கிளம்பும்போது அந்த அம்மா சந்து முனைவரை வந்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“இத்த அன்னிக்கே வந்து சொல்லிருந்தா இன்னா சார்?”

கார்டு இறந்து வருடங்களாகிவிட்டன. தண்டனை முடிந்து நான் மறுபடி வண்டி ஓட்டினேன். அந்த இடத்தைப் பயத்தோடுதான் கடந்தேன், ஆனாலும் கடந்தேன். இப்போது வேலையும் இல்லை, வண்டியும் இல்லை, கையும் நடுங்குவதில்லை. காலையில் காப்பி குடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். பயத்தை எழுத ஆரம்பிக்குமுன், நான் வாயைத் திறக்காததால் இன்றைக்கு வேறு யாராவது எங்கேயாவது அழுதுகொண்டிருக்கிறார்களா என்று ஆண்டவரிடம் கேட்கிறேன். சில நாள் ஒரு பெயர் நினைவுக்கு வரும். வந்தால் நோட்டை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.